கான்டுஸ் ஃபிர்முஸ்: வர்ணமெட்டா, நிலைமெட்டா?

அனைவருக்கும் வணக்கம்.

ஏற்கெனவே உள்ள ஒரு மெட்டை எடுத்து, அதைச் சுற்றிப் புதிய குரல்களைப் பின்னும்போது அந்த அடிப்படை மெட்டுக்குக் கான்டுஸ் ஃபிர்முஸ் என்று பெயர். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு "வர்ணமெட்டு" என்ற பரிந்துரை பொருந்தாது. ஒரு பாட்டின் மெட்டில் வேறு சாகித்தியம் போட்டுப் பாடுவதுதான் நம் வழக்கில் வர்ணமெட்டு. கேட்டவுடன் மூலப்பாட்டு நினைவுக்கு வந்துவிடும். 15-ஆம் நூற்றாண்டுத் திருப்பலி இசையில் நடப்பது வேறு. இசையமைப்பாளர் டுஃபாய் தம் காதல் பாட்டான 'ஸ லா ஃபாஸ் ஏ பால்'-இன் டெனர் (ஆண்குரல் வகைகளில் ஒன்று) வரியை மட்டும் எடுத்துத் திருப்பலியின் டெனருக்குக் கொடுக்கிறார். மற்ற மூன்று குரல்களும் புதியவை. திருப்பலியின் பகுதிகளான குளோரியாவிலும் கிரெடோவிலும் அந்த வரி மும்முறை வரும்: முதலில் ஒவ்வொரு சுரமும் மும்மடங்கு நீளம், பிறகு இருமடங்கு, கடைசியில் எழுதிய அளவு. மும்மடங்காக நீளும்போது மெட்டு காதுக்குப் பிடிபடாது. மூன்றாம் முறைதான் பாட்டு முகம் காட்டும்.

"ஆதாரமெட்டு" என்றால் ஆதார சுருதியோடு குழம்பும். "டெனர் மெட்டு" என்பதும் சரிவராது. ஆங்கிலேய இசையமைப்பாளர் டேவர்னரின் 'வெஸ்டர்ன் விண்ட்' திருப்பலியில் மெட்டு நான்கு பகுதிகளிலும் ஒன்பது ஒன்பதாக 36 முறை வருகிறது. மேல்குரல், டெனர், பாஸ் மூன்றும் அதைப் பாடுகின்றன. இசையமைப்பாளர் ஜோஸ்கானின் 'லோம் ஆர்மே சூப்பர் வோசெஸ் முசிகாலெஸ்' திருப்பலியில் மெட்டு கீரியே பகுதியில் சி என்ற சுரத்தில் தொடங்கும், குளோரியாவில் டி-யில், கிரெடோவில் இ-யில். இப்படியே ஏறி, அக்னுஸ் பகுதியின் கடைசிப் பிரிவில் ஏ-வுக்கு வரும்போது மேல்குரலுக்கே போய்விடுகிறது.

குரல் மாறுகிறது, சுருதியிடம் மாறுகிறது, கால அளவு மாறுகிறது. சுர வரிசை மட்டும் நிலைத்திருக்கிறது. ஆகவே "நிலைமெட்டு".

---

(மறுமொழி) ஐயா, "நிலைமெட்டு" என்ற சொல் அருமை. சுர வரிசை மட்டும் நிலைத்திருக்கும் என்ற வரையறையைத்தான் திருத்த வேண்டும். டுஃபாயின் 'லோம் ஆர்மே' திருப்பலியில், அக்னுஸின் மூன்றாம் பிரிவில் டெனருக்கு ஒரு குறிப்பு உண்டு: நண்டு முழுதாகப் போகட்டும், பாதியாகத் திரும்பட்டும். நண்டு பின்னோக்கி நடக்குமாம். அதனால் போகும்போது கடைசிச் சுரத்திலிருந்து முதல் சுரத்துக்கு முழு நீளத்தில் பாட வேண்டும், திரும்பும்போது நேராகப் பாதி நீளத்தில். குறிப்பைச் சொல்லுக்குச் சொல் எடுத்து முதலில் நேராகப் பாடினால் மற்ற குரல்களோடு மோதும். இங்கே சுர வரிசையே தலைகீழாகிறது. ஏட்டில் எழுதியிருப்பதோ ஒன்றுதான். படிக்கும் விதிதான் மாறுகிறது. "எழுதிய வடிவம் மாறாமல், படிக்கும் விதியால் மட்டும் வேறுபடும் மெட்டு" என்று எழுதலாமா?

'பாரடி மாஸ்'-க்குப் "பகடித் திருப்பலி" என்று பட்டியலில் இருப்பதைக் கட்டாயம் நீக்க வேண்டும். அதில் கேலியே இல்லை. ஒரு வரியை மட்டும் எடுக்காமல், பல்குரல் பாட்டு ஒன்றின் குரல்கள் ஒன்றையொன்று தொடரும் அமைப்பு, முடிப்புகள் எல்லாவற்றையும் எடுத்துப் புதிதாகப் பின்னும் முறை அது. 16-ஆம் நூற்றாண்டு அச்சுநூல்களிலேயே 'இன்ன பாட்டைத் தழுவியது' என்ற பொருளில் தலைப்பு உண்டு. "தழுவல் திருப்பலி இசை" என்று போடுவோம்; நிலைமெட்டோடு சேர்க்காமல் தனிப் பதிவாக.