'குட்பை கிறிஸ்டோபர் ராபின்' பாத்தவங்க இருக்கீங்களா? பிள்ளை பேரை கதையில போடலாமா?

பாம்பன்காரி:
2017ல வந்த படம், நேத்து ராத்திரிதான் பாத்தேன். வின்னி த பூங்கிற கரடிக் கதை எழுதுன ஏ.ஏ. மில்ன் குடும்பத்தைப் பத்தினது. முதல் உலகப்போருக்குப் போய்ட்டு வந்த மனுசன் சின்ன சத்தத்துக்கே பதறுறாரு, காட்டுக்குள்ள மகன் கிறிஸ்டோபர் ராபினோட கரடி பொம்மைய வச்சு விளையாடி விளையாடி மனசு ஆறுறாரு, அதுவே அவன் பேரோட புத்தகமாகி கடைசில அந்தப் பிள்ளை ஊருக்கே சொந்தமாயிடுறான். எனக்குத் தூக்கமே வரல. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் எங்க வீட்டுக்காரர் கடலுக்குப் போகாம மகனுக்கு தினம் ஒரு ஆவுளியா (கடல்பசு) கதை சொன்னாரு. நானும் பழைய சாரத்தை (லுங்கி) வெட்டி, உள்ள கிழிஞ்ச வலைய அடைச்சு ஒரு ஆவுளியா தச்சுக் குடுத்தேன், ஒரு கண்ணு சட்டைப் பொத்தான், இன்னொரு கண்ணு சோழி. கதையில அது முதுகுல ஏறிப் போறது எம்மகன்தான், அவன் பேரோடயே. இப்ப சொந்தக்காரங்க புத்தகமா போடு, யூடியூப்ல போடுங்கிறாங்க. அந்தப் பையன் நெசமாவே அவ்வளவு கஷ்டப்பட்டாரா, இல்ல சினிமாவுக்காகக் காட்டுனதா?

கீழக்கரை வாசகன்:
நெசம்தான்க்கா. 1926ல வின்னி த பூ புத்தகம் வந்தப்ப அவருக்கு ஆறு வயசு. வீட்ல கூப்பிட்டது பில்லி மூன்னு, கிறிஸ்டோபர் ராபின்ங்கிற சொந்தப் பேரை ஊர் எடுத்துக்கிச்சு. 1974ல அவரே தன் கதைய எழுதுனாரு. ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் பசங்க இவர் சின்னதுல பாடுன கிராமபோன் ரெக்கார்டை போட்டுப் போட்டு கேலி பண்ணி, அலுத்துப்போய் இவர் கையிலயே குடுத்துருக்கானுங்க, இவர் அதைத் துண்டு துண்டா உடைச்சு தூரத்து வயல்ல வீசிட்டு வந்தாராம். அதைப் படிச்சப்ப புத்தகத்தை மூடி வச்சுட்டேன். அப்பா தன் தோள்ல ஏறித்தான் மேல வந்தாருங்கிற நெனப்பு அவருக்கு ரொம்ப நாள் இருந்துச்சு, எழுதி முடிச்சப்பதான் அந்தப் பாரம் இறங்குச்சுன்னு சொல்லிருக்காரு.

மண்டபம் டீச்சர்:
அதுக்காக கதைய நிறுத்திராதம்மா. அப்பா வாயால கேக்குற கதைக்கு ஈடே கிடையாது, என் வகுப்புல எத்தனையோ பிள்ளைகளுக்கு அது கிடைக்கல. பேரை மட்டும் மாத்து. அந்தப் புத்தகத்துக்குப் படம் போட்ட ஷெப்பர்டு வரைஞ்ச பூ கரடியே கிறிஸ்டோபரோட கரடி இல்ல, தன் மகன் வச்சிருந்த க்ரவ்லர்ங்கிற கரடியப் பாத்துத்தான் வரைஞ்சாரு. அதனால கதை எதுவும் கெட்டுப்போகலயே.

தொண்டி பாய்:
டீச்சர் சொல்றது சரி, ஆனா யூடியூப்ல மூஞ்சி வந்தா பேரை மாத்தி என்ன பிரயோசனம்? படத்துலயே பேட்டி, போட்டோன்னு இழுத்தடிச்சதுலதான் அந்தப் பிள்ளை வாடிப்போச்சு. வீடியோ வேண்டவே வேண்டாம் தங்கச்சி.

பாம்பன்காரி:
எல்லாருக்கும் நன்றி. இன்னைக்குக் காலைல அவன்கிட்டயே கேட்டேன். ஆவுளியாவைப் பத்தி எல்லாருக்கும் சொல்லுங்கம்மா, ஆனா அது ராத்திரி என் தலகாணிக்குக் கீழ தூங்குறதை மட்டும் சொல்லாதீங்கன்னான். அதையும் இங்க எழுதிட்டேன், அழிக்க முடியுமான்னு பாக்குறேன். வீடியோ எடுக்கல. புத்தகம் அவன் பெரியவனாகி சரின்னு சொன்னா பாத்துக்கலாம்னு அவரும் சொல்லிட்டாரு.