பயோபிளாஸ்டிக்குக்குத் தமிழ்ச்சொல்: புதன்கிழமைக்குள் வேண்டும்

பாலக்கோடு, அறிவியல் ஆசிரியை:
குழுவினருக்கு வணக்கம். எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவில் வினிகரும் கிளிசரினும் கலந்து காய்ச்சி, தாள்போல உலர்த்தியிருக்கிறார்கள். கண்காட்சிப் பலகைக்கு ‘உயிரிநெகிழி’ என்று எழுதினேன். “உயிர் இருக்கிற பிளாஸ்டிக்கா டீச்சர்?” என்று கேட்கிறார்கள். புதன்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

ஓசூர், பிளாஸ்டிக் தொழிற்கூடம்:
உயிரிநெகிழி வேண்டாம் டீச்சர். எதிலிருந்து வந்தது என்பது வேறு, கடைசியில் என்ன ஆகும் என்பது வேறு. பிரேசிலில் 2010 முதல் கரும்பு எத்தனாலிலிருந்து பாலிஎத்திலீன் செய்கிறார்கள். கரும்பில் பிறந்தாலும் மண்ணில் சாதாரண கேரிபேக் மாதிரியேதான் கிடக்கும். ஆமணக்கெண்ணெயில் செய்யும் நைலான்-11 வகையும் மக்காது. பிபிஏடி என்ற பிளாஸ்டிக் பெரும்பாலும் பெட்ரோலியத்தில் பிறப்பது, ஆனால் மக்கும். ஆகவே இரண்டு சொல் வேண்டும்: பயிர்நெகிழி, மக்கும் நெகிழி.

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘மட்கு’தான் மூலம், ‘மக்கு’ பேச்சில் திரிந்தது. ‘மட்குநெகிழி’ என்று வினைத்தொகையாக்கினால் மூன்று காலமும் அடங்கும், ஊறுகாய் போல. நெகிழியையும் ‘ஞெகிழி’ என்றே எழுதலாம். ஆனால் குறுந்தொகையில் ஞெகிழி என்பது கொள்ளிக்கட்டை! ஞெகிழம் என்றால் சிலம்பு. கழன்று நெகிழ்வதால் சிலம்புக்கு அப்பெயர் வந்திருக்கலாம் என்பது என் எண்ணம். கொள்ளிக்கு எப்படி வந்தது என்று யாராவது சொல்லுங்கள்.

பாலக்கோடு:
ஐயா, ஊராட்சிக் குப்பைத்தொட்டியிலேயே ‘மக்கும் குப்பை’ என்றுதான் எழுதியிருக்கிறது. பிள்ளைகள் தினமும் படிக்கிற சொல்லை விட்டுவிட்டு ‘மட்கு’ என்று எழுதினால் அதற்கு வேறு விளக்கம் தர வேண்டிவரும்.

அரூர், வேளாண் பட்டதாரி:
பயிர்நெகிழியிலும் இடிக்கிறது. பிஎச்ஏ என்ற வகையைப் பாக்டீரியாக்கள் தம் உடலுக்குள் சேமிக்கின்றன. அந்தக் குடும்பத்தில் ஒன்றைப் பிரெஞ்சு விஞ்ஞானி லெமோயின் 1926லேயே கண்டறிந்தார். அதைப் பயிர் என்பதா?

‘மக்கும்’ என்று மட்டும் எழுதினால் அது பாதி உண்மைதான். சோளம் போன்ற பயிரின் மாவுச்சத்திலிருந்து செய்யும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் மக்க 60 டிகிரியை ஒட்டிய சூடு நீடிக்கிற உரக்கூடம் வேண்டும். நம் எருக்குழியில் அவ்வளவு சூடு நிலைக்காது. ஏரியில் விழுந்தால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்த பிறகும் பைகள் ஓடையில்தான் வந்து சேர்கின்றன. ‘மக்கும்’ என்று அச்சிட்டுவிட்டால் கூச்சமே இல்லாமல் வீசுவார்கள். எங்கே மக்கும் என்பதும் பெயரில் வர வேண்டும்: ‘உரக்கூட நெகிழி’.

ஓசூர்:
பாக்டீரியாவுக்கும் சர்க்கரையோ எண்ணெயோதானே தீனி? அதுவும் பயிரில் வந்ததுதான். பயிர்நெகிழி நிற்கும்.

அரூர்:
கழிவுநீரில் வளர்த்தும் பிஎச்ஏ எடுக்கிறார்கள் அண்ணா. நிற்காது.

கிருஷ்ணகிரி:
‘உயிர்மூல நெகிழி’ என்றால் இரண்டுக்கும் பொருந்துமே.

பாலக்கோடு:
மறுபடியும் உயிரா ஐயா! சரி, பிள்ளைகள் செய்தது குச்சிக்கிழங்குத் தாள்; அது ஈரமண்ணிலேயே மக்கிவிடும். பலகையில் ‘பயிர்நெகிழி: மண்ணில் மக்கும் வகை’ என்று போடுகிறேன். பிஎல்ஏ டம்ளர் வைத்திருக்கும் மேசையில் ‘பயிர்நெகிழி: உரக்கூடத்தில் மட்டும் மக்கும்’.

அரூர்:
அந்த ‘மட்டும்’ பெரிய எழுத்தில் இருக்கட்டும் டீச்சர். பிஎச்ஏவுக்குச் சொல் இன்னும் பாக்கி.

கிருஷ்ணகிரி:
மட்கும். என் கருத்து மாறவில்லை.