ஸ்பீட்மாஸ்டருக்குத் தோல் ஸ்ட்ராப்: எந்த அளவு, எந்தத் தோல், யார் பொருத்துவது?

மயிலைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் புரொஃபஷனல் அணிந்து வருகிறேன். 42 மி.மீ. கேஸும் (கடிகாரத்தின் உலோக உடல்) ஹெசலைட் கண்ணாடியும் கொண்டது. 3861 இயந்திரத்துடன் 2021-இல் அறிமுகமான வகை. அதனுடன் வந்த ஸ்டீல் செயினில் எனக்குக் குறை ஏதுமில்லை. ஆனாலும் நாள் முழுவதும் மேசையில் கையூன்றி வேலை செய்பவன் என்பதால், அதன் கொக்கி விளிம்பில் உரசிக்கொண்டே இருப்பது சலிப்பைத் தருகிறது. எனவே தோல் ஸ்ட்ராப் ஒன்றை இணையத்தில் வாங்கி, வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு கடையில் மாற்றக் கொடுத்தேன். கடைக்காரர் சிறிய ஸ்க்ரூ டிரைவர் ஒன்றால் நெம்பிச் செயினைக் கழற்றியதில் லக்கின் (ஸ்ட்ராப்பைப் பிடிக்கும் கேஸின் கொம்பு) உட்புறத்தில் மெல்லிய கீறல் விழுந்துவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நான்காம் நாள் ஸ்ட்ராப் ஒரு பக்கம் கழன்று கடிகாரம் மடியில் விழுந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அப்போது நான் ஸ்கூட்டரில் இல்லாமல் நாற்காலியில் இருந்தது என் நல்லூழ்.

கடிகாரம் இப்போது அலமாரியில் இருக்கிறது. மீண்டும் முயல்வதற்கு முன் சில ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன். வாங்கிய ஸ்ட்ராப்பில் 20 மி.மீ. என்று அச்சிடப்பட்டிருந்தும் அதற்கும் கேஸுக்கும் நடுவே பிறை வடிவில் இடைவெளி தெரிந்தது. இது அளவுப் பிழையா? என் மணிக்கட்டின் சுற்றளவு 16.5 செ.மீ.; பக்கிள் கையின் நடுவில் நில்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. சென்னை வியர்வைக்கு எந்தத் தோல் தாங்கும்? இவ்வேலையை நானே செய்தால் வாரண்டிக்கோ நீர்த்தடுப்புக்கோ பாதகம் வருமா?

நொடிமுள் எழுதியது:

தங்கள் கடிகாரத்தின் லக் இடைவெளி 20 மி.மீ. தான். ஆகவே அகலத்தில் பிழையில்லை. அந்தப் பிறை இடைவெளி, கேஸ் வட்டமாகவும் ஸ்ட்ராப்பின் முனை நேராகவும் இருப்பதால் வருவது. நேர்முனை ஸ்ட்ராப் எல்லாவற்றிலும் ஓரளவு இருக்கும். முனை வளைவாக வெட்டப்பட்ட ஸ்ட்ராப்களும் கிடைக்கின்றன. அவை தங்கள் மாடலுக்கென்றே அளந்து செய்யப்பட்டவையாக இருந்தால் அழகாகப் பொருந்தும். பொதுவான வளைவு என்று விற்கப்படுபவை கேஸில் உரசி, உரசிய இடத்தில் ஸ்டீலின் பளபளப்பை மங்கச் செய்யும். என்னைக் கேட்டால் அந்த இடைவெளியை அப்படியே விட்டுவிடுவேன்.

மற்றவர்களுக்காக ஒரு செய்தியையும் சேர்த்துக்கொள்கிறேன். கேஸின் அளவைப் பார்த்து லக் இடைவெளியை ஊகிக்கக் கூடாது. ரோலெக்ஸ் சப்மரைனர் நெடுங்காலமாக 20 மி.மீ. ஸ்ட்ராப் ஏற்றது, 2020-இல் கேஸ் 41 மி.மீ. ஆனபோது லக் இடைவெளி 21 ஆகிவிட்டது. பழைய ஸ்ட்ராப்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் அன்று பட்ட எரிச்சல் சிறிதன்று. 2018-க்குப் பின் வந்த கார்ட்டியே சான்டோஸில் அந்நிறுவனத்தின் தனிப் பொருத்து முறை இருப்பதால் கடையில் வாங்கும் சாதாரண ஸ்ட்ராப் அதில் ஏறவே ஏறாது. அளப்பதற்கு பிளாஸ்டிக் வெர்னியர் அளவுகோலைப் பயன்படுத்துங்கள். ஸ்டீல் வெர்னியரின் தாடையே கீறிவிடும்.

நீளத்தைப் பொறுத்தவரை, கடைகளில் பரவலாகக் கிடைப்பது 115-க்கு 75 மி.மீ.; அதாவது துளைகள் உள்ள பகுதி 115, பக்கிள் உள்ள பகுதி 75. தங்கள் மணிக்கட்டுக்கு அந்த 75 சற்று அதிகம். பக்கிள் ஒதுங்குவதற்குக் காரணம் அதுவே. 110-க்கு 70 அல்லது அதற்கு நெருங்கிய குட்டை அளவைக் கேட்டு வாங்குங்கள். நடுத்துளையில் மாட்டும்போது கை இயல்பாக இருக்க வேண்டும். வெயில் காலத்தில் மணிக்கட்டு சற்று உப்பும் என்பதால் இருபுறமும் ஒவ்வொரு துளையாவது மிச்சம் இருத்தல் நன்று.

ஆனால் தாங்கள் கேட்காத ஒன்றுதான் இங்கே முக்கியமானது. கடிகாரத்தைக் கையில் பிடித்து வைத்திருப்பது ஸ்பிரிங் பார் என்னும் மெல்லிய உருளை. அதன் இரு முனைகளும் உள்ளிருக்கும் சுருள்வில்லால் வெளியே தள்ளப்பட்டு லக்கின் துளைகளில் அமர்கின்றன. தோல் தானாகக் கழன்று விழாது. கழன்றது பார் தான். ஒன்று, அது துளையில் முழுமையாக அமரவில்லை. அல்லது, கடைக்காரர் அளவில் குறைந்த பாரைப் போட்டிருக்கிறார். அந்த இரண்டு பார்களையும் செயினோடு வந்த பார்களின் அருகே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்ட்ராப்புக்குப் பல்லாயிரம் ரூபாய் தரத் தயங்காத நம்மவர்கள் பாருக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் கொடுக்க யோசிப்பதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

ஆம்பூரான் எழுதியது:

தோல் பதனிடும் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் தோலைப் பற்றி மட்டும் கூறுகிறேன். கடிகாரத்தைப் பற்றிக் கூற எனக்குத் தகுதியில்லை.

விற்பவர்கள் மேல்தோலைக் காட்டுவார்கள். தாங்கள் பார்க்க வேண்டியது உள்தோலை. வியர்வையைக் குடிப்பதும், நாறுவதும், தோலில் அரிப்பை உண்டாக்குவதும் மணிக்கட்டைத் தொடும் அந்த அடுக்குதான். மேலே எவ்வளவு உயர்ந்த சரக்கு இருந்தாலும் உள்ளே மலிவான, மேற்பூச்சு கொடுத்த தோல் இருந்தால் ஆறு மாதத்தில் அது கருத்துப் பிளந்துவிடும்.

குரோம் உப்பால் பதனிட்ட தோல் மென்மையாக இருக்கும். ஈரம் பட்டாலும் ஓரளவு தன் வடிவத்துக்குத் திரும்பிவிடும். தாவரச் சாற்றால் பதனிட்டது முதலில் விறைப்பாக இருந்து, அணிய அணிய மணிக்கட்டின் வளைவைப் பெற்று, நிறமும் ஆழ்ந்துகொண்டே போகும். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோல் பதனிட்ட மரபு நம்முடையது. கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் அது கப்பலேறிய காலம் உண்டு. ஆயினும் அந்த வகைத் தோலின் மேல் எனக்குள்ள பற்றை ஒதுக்கி வைத்துவிட்டே சொல்கிறேன்: நாள்தோறும் வியர்க்கும் கைக்கு, மேலே எது இருந்தாலும், உள்ளே நன்கு பதனிட்ட குரோம் கன்றுத்தோலோ நீர் புகாத செயற்கை அடுக்கோ இருப்பது ஏற்றது. குரோம் என்றதும் சிலர் அஞ்சுகிறார்கள். பதனிடப் பயன்படுவது மூவிணைய குரோமியம். தோலுக்குத் தீங்கு செய்வது, பக்குவம் தவறினால் அதிலிருந்து உருவாகும் அறுவிணைய வகை. உடலில் படும் தோல் பொருள்களில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் விதித்திருக்கிறது. ஏற்றுமதித் தரத்தில் செய்த ஸ்ட்ராப்பை வாங்கினால் அந்தச் சோதனையைத் தாண்டி வந்திருக்கும்.

முதலைத்தோலில் ஆசை இருந்தால் ஒரு சொல். உயர்விலைக் கடிகாரங்களுக்கு வரும் ஸ்ட்ராப் பெரும்பாலும் அமெரிக்க அலிகேட்டரின் தோல். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அது இருப்பதால், நாட்டு எல்லையைக் கடந்து வரும்போது உரிய சான்று வேண்டும். அது இல்லாமல் வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சுங்கத்தில் சிக்கும். முதலைத்தோல் என்று சொல்லி விற்கப்படுவதில் கன்றுத்தோலின் மேல் அச்சு அழுத்தியதும் கலந்து வரும். செதில்களுக்கு இடையிலான கோடுகள் எல்லாம் ஒரே ஆழத்தில், ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சு. ஸ்ட்ராப்பை மடித்துப் பாருங்கள்: உண்மைத்தோல் செதிலின் கோட்டில் மடியும், அச்சுத்தோல் மடிய வேண்டிய இடத்தில் மடியாது.

மாலையில் கழற்றியதும் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் விடுங்கள். வெயிலில் காய வைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். ஒரு நாள் அணிந்தால் மறுநாள் ஓய்வு கொடுங்கள். கை கழுவும் சானிடைசர் அதன்மேல் படக் கூடாது.

கடலோடி எழுதியது:

ஆம்பூர் ஐயாவின் மேல் மிக்க மதிப்பு உண்டு, ஆயினும் மாறுபடுகிறேன். சென்னையில் மே மாதத்தில் தோல் ஸ்ட்ராப் கட்டுவது விருப்பமுள்ளவர்கள் செய்யும் தவம். அலுவலக மேசையில் கொக்கி உரசுவதுதான் சிக்கல் என்றால் எஃப்.கே.எம். வகை ரப்பரோ நைலானோ அதே சிக்கலைத் தீர்க்கும். வியர்வை, எண்ணெய், வெயில் ஆகிய எதற்கும் எஃப்.கே.எம். அசையாது. மலிவான சிலிகான் வேண்டாம். ஒரு நாளிலேயே பஞ்சும் தூசும் ஒட்டிக்கொள்ளும்.

தங்களுக்கு நேர்ந்த விபத்தையும் எண்ணிப் பாருங்கள். ஒற்றைத் துண்டு நைலான் ஸ்ட்ராப் இரண்டு பார்களுக்கும் அடியில் ஊடுருவிச் செல்வதால், ஒரு பார் கழன்றாலும் கடிகாரம் மற்றதில் தொங்கிக்கொண்டிருக்கும். 1973-இல் பிரிட்டனின் பாதுகாப்புத் துறை இதற்கென ஒரு தரநிர்ணயமே வெளியிட்டது. சாம்பல் நிறம், 20 மி.மீ. அகலம். ஜி1098 என்ற படிவத்தைக் கொடுத்துத்தான் வீரர்கள் அதைப் பெற முடியும் என்பதால் ஜி10 என்ற பெயரும் நின்றது. அகலம் தங்கள் கடிகாரத்துக்கு அளவெடுத்தாற்போல இருக்கிறது. கேஸுக்கு அடியில் நைலான் செல்வதால் கடிகாரம் சற்று உயர்ந்து நிற்கும் என்பது உண்மை; சட்டைக் கையின் பொத்தான் இறுக்கமாக இருப்பவர்களுக்கு அது தொல்லைதான்.

இன்னொன்று. ஸ்பீட்மாஸ்டரை நாசா 1965-இல் ஏற்றுக்கொண்டது. விண்வெளி உடையின் மேல் அதை வீரர்கள் கட்டியது நீண்ட வெல்க்ரோ பட்டையில். நிலவுக்குப் போன கடிகாரம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு அதற்கு முதலைத்தோல் தேடுவது எனக்குச் சற்று வேடிக்கையாக இருக்கிறது. சினம் கொள்ள வேண்டாம்.

மயிலைவாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. கடலோடி அவர்களே, சினம் ஏதுமில்லை. ஆனால் தோலின் மேல் உள்ள ஆசை போகவில்லை. மேலே கன்றுத்தோலும் உள்ளே நீர் புகாத அடுக்கும் கொண்ட 110-க்கு 70 அளவு ஸ்ட்ராப் ஒன்றைத் தருவித்துவிட்டேன். கோடைக்கு நைலான் ஒன்றும் வாங்கிக்கொள்கிறேன். பார்களை ஒப்பிட்டேன்: கடையில் போட்டவை செயினின் பார்களைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மெலிந்திருக்கின்றன, ஒன்றின் முனை வளைந்தும் இருக்கிறது. இனி நானே பொருத்தலாம் என்று நினைக்கிறேன். முறையைக் கூற முடியுமா?

நொடிமுள் எழுதியது:

வளைந்த பாரை இன்றே குப்பையில் போடுங்கள். மேசை இழுப்பறையில் வைத்தால் என்றாவது ஒரு நாள் கை அதையே எடுக்கும். பார்களின் தடிமன் 1.5, 1.8, 2 மி.மீ. எனப் பலவகை. லக் துளையின் அளவுக்கு ஏற்ற முனையும், ஸ்ட்ராப்பின் குழலுக்குள் தடையின்றி நுழையும் உடலும் உள்ளதாக, 20 மி.மீ. பார்களைப் புதிதாக வாங்குங்கள். பார்களைக் கழற்றும் கருவி என்றால் பெர்ஜியோன் நிறுவனத்தின் 6767. நுனிகள் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்க வேண்டாம்.

கட்டிலின் மேல் வெள்ளைத் துணி விரித்து அமருங்கள். பார் துள்ளினால் தரையில் தேடுவதைவிட மெத்தையில் தேடுவது எளிது. ஹெசலைட் என்பது எளிதில் கீறல் விழும் பிளாஸ்டிக் தான் என்பதால் கடிகாரத்தைக் கவிழ்க்கும் இடத்தில் மணல் துகள் ஒன்றுகூட இருக்கலாகாது. லக்குகளின் பின்புறத்திலும் உட்புற விளிம்பிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். செயினைக் கழற்றும்போது கருவியின் கவட்டு முனையைப் பின்பக்கத்திலிருந்து செயினுக்கும் லக்குக்கும் இடையே செலுத்தி, பாரின் தோள்பட்டையைப் பிடித்து நடுவை நோக்கித் தள்ள வேண்டும். நெம்பக் கூடாது, அந்தக் கடைக்காரர் நெம்பியதால்தான் கீறல் விழுந்தது. ஒரு முனை விடுபட்டதும் செயினை இலேசாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மறுமுனைக்குச் செல்லுங்கள்.

பொருத்தும்போது பக்கிள் உள்ள துண்டு 12 மணிப் பக்கம், துளைத் துண்டு 6 மணிப் பக்கம். பாரின் ஒரு முனையை ஒரு துளையில் வைத்து, மறுமுனையைக் கவட்டால் அழுத்தியபடி ஸ்ட்ராப்பை லக்குகளுக்கு நடுவே வழுக்கிவிட்டு, பின்னர் துளை இருக்கும் இடம் நோக்கி மெல்ல நகர்த்துங்கள். க்ளிக் என்ற ஓசை கேட்கும். அந்த ஓசையை நம்பி நிறுத்திவிடாதீர்கள். ஸ்ட்ராப்பை இரு விரல்களால் பிடித்து இப்பக்கம், அப்பக்கம், கேஸிலிருந்து வெளிப்பக்கம் என மூன்று திசையிலும் அழுத்தமாக இழுத்துப் பாருங்கள். தங்கள் கடைக்காரர் விட்டுவிட்ட வேலை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

நீர்த்தடுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். பின்மூடியைத் திறக்காதவரை ஸ்ட்ராப் மாற்றுவதால் அதற்கு எதுவும் ஆகாது. தங்கள் கடிகாரத்தின் 50 மீட்டர் அப்படியே இருக்கும், தோல்தான் தண்ணீரைத் தாங்காது. கருவியால் ஏற்படும் கீறல் வாரண்டிக்குள் வராது. செயினையும் அதன் பார்களையும் ஒரு பையில் சிலிக்கா ஜெல்லுடன் இட்டுப் பத்திரப்படுத்துங்கள். என்றேனும் விற்க நேர்ந்தால் வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.

மயிலைவாசி எழுதியது:

நேற்றிரவு பொருத்தினேன். கழற்றுவதற்கு ஐந்து நிமிடம், பொருத்துவதற்கு நாற்பது நிமிடம். ஒரு பார் துள்ளித் தலையணை உறைக்குள் போனதும் இதில் அடக்கம். 12 மணிப் பக்கத்தில் க்ளிக் ஓசை தெளிவாகக் கேட்டது. ஆயினும் தாங்கள் சொன்னபடி வெளிப்பக்கமாக இழுத்தபோது இடமுனை நழுவி வெளியே வந்துவிட்டது. துளையின் விளிம்பில்தான் அது நின்றிருக்கிறது. மறுபடி அமர்த்திப் பலமுறை இழுத்துப் பார்த்த பிறகே டேப்பை உரித்தேன். பக்கிள் இப்போது மணிக்கட்டின் நடுவில் நிற்கிறது. பிறை இடைவெளியும் அப்படியே இருக்கிறது. இரண்டு நாளில் கண்ணுக்குப் பழகிவிடும் போலும்.