உவர்நீரில் வாடும் ஹேக்பெர்ரி போன்சாய்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊரான மண்டபத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நான்கு ஆண்டுகளாகச் சீன ஹேக்பெர்ரி மரம் ஒன்றைப் போன்சாயாக (தொட்டியில் குறுக்கி வளர்க்கும் மரமாக) வளர்த்து வருகிறேன். கோடை தொடங்கியதிலிருந்து, அடிப்பகுதியில் மூன்று நரம்புகள் பிரியும் அதன் இலைகள் விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கருகுகின்றன; தொட்டியின் வாயோரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றின் உவர்நீரே காரணம் என்று நினைக்கிறேன் (குடிநீரையே குடக்கணக்கில் விலைக்கு வாங்கும் வீட்டில், செடிக்கு அதை ஊற்றினால் என்ன பேச்சு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை). சீனாவிலும் ஜப்பானிலும் இம்மரம் குளிர்காலத்தில் இலையுதிர்த்து ஓய்வெடுக்கும்; தளிர் விடுவதற்குச் சற்று முன்னர் வேரைக் கத்தரித்து மண் மாற்றுவார்கள். குளிரே இல்லாத நம் பகுதியில் அதை எப்போது செய்வது? இப்போதே மாற்றலாமா, ஐப்பசி மழை உப்பைக் கழுவும் வரை காத்திருக்கலாமா? கடலோரத்தில் வளர்த்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.