ஃபைல் திறக்கவில்லை என்றால் சிஎச்மாட் 777 போடுவது சரியா?

ஆம்பூர் பேட்டர்ன்
ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் டிசைன் பிரிவில் சிஸ்டம் வேலை பார்க்கிறேன். மூன்று சர்வரில், பல சர்வர்களின் டிஸ்க்கைச் சேர்த்து ஒரே பொது ஃபோல்டராகக் காட்டும் க்ளஸ்டர்எஃப்எஸ் ஓடுகிறது, ஒவ்வொரு ஃபைலும் மூன்றிலும் இருக்கும். 14 உபுண்டு மெஷின்கள் அதை மவுண்ட் செய்து, தங்கள் ஃபோல்டர் போலவே பயன்படுத்துகின்றன. போன மாதம் இரண்டு புது மெஷின் வந்ததிலிருந்து தொல்லை. அதில் சேமித்த, ஷூ மேல்பகுதியின் அப்பர் பேட்டர்னைச் சிலரால் திறக்க முடிகிறது, சிலருக்கு 'பெர்மிஷன் டினைட்' என்று வருகிறது. சிஎச்மாட் கமாண்டில் 777 போட்டால், அதாவது யார் வேண்டுமானாலும் படிக்க, எழுத, இயக்க உரிமை கொடுத்தால், அன்றைக்கு எல்லோருக்கும் திறக்கிறது. மறுநாள் அதே ஃபைல் மறுபடி பூட்டிக்கொள்கிறது. வெள்ளிக்கிழமை சாம்பிள் போயாக வேண்டும்.

ராணிப்பேட்டை பாய்
தம்பி, வெள்ளி வரைக்கும் 777 போட்டே ஓட்டுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தானாக ஓடும்படி கிரானில் வைத்துவிடுங்கள். பூட்டிய கட்டடம், ஒரே பிரிவு ஆட்கள். யாரிடமிருந்து மறைக்கப் போகிறோம்? சாம்பிள் தள்ளிப்போனால் ஆர்டர் போகும், அப்புறம் பெர்மிஷன் சரியாக இருந்து என்ன பயன்?

காட்பாடி ஜங்ஷன்
பாய், இது மறைக்கிற விஷயமே இல்லை. மறுநாள் பூட்டிக்கொள்கிறது என்றாரே, அதைக் கவனியுங்கள். பல மென்பொருள்கள் பழைய ஃபைலின் மேலேயே எழுதுவதில்லை. பக்கத்தில் புதிதாக ஒன்றை எழுதி, பழைய பெயரை அதற்கு வைத்துவிடும். அவர் 777 போட்ட ஃபைல் அப்போதே போய்விட்டது. இருப்பது இன்னொன்று. அது சேமித்தவரின் யூமாஸ்க் படிதான், அதாவது புது ஃபைலில் எந்த உரிமைகளை எடுத்துவிட வேண்டும் என்ற அமைப்பின்படிதான், பிறக்கும். கிரான் வைத்தால் அதன் பின்னால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். க்ளஸ்டரில் சின்னச் சின்ன ஃபைல்களை முழுக்கச் சுற்றி வருவது மெதுவான வேலை. ஒவ்வொன்றுக்கும் நெட்வொர்க்கில் போய்க் கேட்டுவர வேண்டும். டிசைனர்கள் வேலை செய்யும் நேரத்தில் அதைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஓட்டச் சொல்கிறீர்களா?

ஆம்பூர் தம்பி, ஒரு புது மெஷினிலும் ஒரு பழைய மெஷினிலும் ஐடி கமாண்ட் போடுங்கள், ஆள் எண்ணும் குரூப் எண்ணும் வரும். அப்புறம் திறக்காத ஃபைலுக்கு எல்எஸ் -எல்என், அது ஃபைலின் உரிமைகளையும் உரிமையாளரையும் காட்டும். கடைசியில் வரும் அந்த 'என்' எழுத்து முக்கியம். பெயரைக் காட்டாமல் எண்ணைக் காட்டும்.

ஆம்பூர் பேட்டர்ன்
பார்த்துவிட்டேன் அக்கா. 'டிசைன்' குரூப் பழைய மெஷின்களில் 1002, புதியதில் 1001. புதியதில் யூமாஸ்க் 027. திறக்காத ஃபைல் எல்லாம் 640 (உரிமையாளர் எழுதலாம், குரூப் படிக்கலாம், மற்றவருக்கு ஒன்றுமில்லை), குரூப் 1001. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நேற்று அவசரத்தில் ஒரு சர்வரில், க்ளஸ்டர் தன் பிரதியை வைத்திருக்கும் பிரிக் ஃபோல்டருக்குள்ளேயே போய் 777 போட்டேன்.

காட்பாடி ஜங்ஷன்
பிரிக்குக்குள் இனி ஒருபோதும் கை வைக்காதீர்கள். அங்கே செய்த மாற்றம் க்ளஸ்டரின் கணக்கில் ஏறாது. ஒரு பிரதி ஒன்று சொல்லும், மற்ற இரண்டும் வேறு சொல்லும். எதுவானாலும் மவுண்ட் வழியாகச் செய்தால்தான் மூன்றுக்கும் சேர்ந்து போகும்.

மற்றபடி சிக்கல் பிடிபட்டுவிட்டது. சர்வருக்கு ஆள் பெயரும் தெரியாது, 'டிசைன்' என்ற சொல்லும் தெரியாது. மெஷின் அனுப்புவது எண் மட்டும்தான். 1001 குரூப்புக்கு மட்டும் திறக்கச் சொல்லி ஃபைல் இருக்கிறது, பழைய மெஷின்காரர்கள் 1002. எப்படித் திறக்கும்? சிலருக்குத் திறப்பதும் நல்லதற்கில்லை. உபுண்டு நிறுவும்போது முதல் ஆளுக்கு 1000 கிடைக்கும். இரண்டு மெஷினில் முதல் ஆளாக இருப்பவர்கள் சர்வருக்கு ஒரே ஆள். யார் ஃபைலை யார் மாற்றினார் என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

ராணிப்பேட்டை பாய்
அம்மா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் 14 மெஷினில் எண் மாற்றி, ஃபைலை எல்லாம் மாற்றி, வெள்ளிக்கிழமைக்குள் நடக்குமா? பொதுவில் எல்லோரும் அழித்துவிடுவார்கள் என்ற பயமென்றால் 1777 போடுங்கள். முன்னால் வரும் அந்த 1 ஸ்டிக்கி பிட், ஃபோல்டரில் அது இருந்தால் அடுத்தவர் ஃபைலை அழிக்க முடியாது.

காட்பாடி ஜங்ஷன்
ஸ்டிக்கி இங்கே வேலையையே நிறுத்தும் பாய். புதிதாக எழுதிப் பழைய பெயரை வைக்கும்போது, அடுத்தவருடைய பழைய ஃபைலை நீக்கத்தானே வேண்டும்? ஸ்டிக்கி அதைத் தடுக்கும். ஒருவர் போட்ட பேட்டர்னை இன்னொருவர் திருத்திச் சேமிக்கவே முடியாது.

அவசரத்துக்கு வழி இருக்கிறது, இன்றைக்கே செய்யலாம். இரண்டு புது மெஷினில் மட்டும் குரூப் எண்ணை 1002 ஆக்குங்கள், அங்கே அந்த எண் காலியா என்று பார்த்துவிட்டு. எல்லோரும் லாக்அவுட் செய்து மறுபடி வரட்டும், பழைய செஷனுக்குப் புது எண் தெரியாது. யூமாஸ்க்கை 007 ஆக்குங்கள், புது ஃபைலில் குரூப்புக்கும் எழுதும் உரிமை கிடைக்கும். பிறகு மவுண்ட் வழியாக ஃபைல்களின் குரூப்பை 1002 ஆக்கி, குரூப்புக்கு எழுதும் உரிமை கொடுத்து, ஃபோல்டர்களுக்கு மட்டும் செட்ஜிட் போடுங்கள். அதன்பின் உள்ளே பிறக்கும் ஃபைலுக்கு ஃபோல்டரின் குரூப்பே வரும். வெளியிலிருந்து எம்வி கமாண்டால் நகர்த்திக் கொண்டுவந்தால் பழைய குரூப்போடுதான் வரும், ஆகவே காப்பி செய்யச் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை
நடுவில் வருகிறேன். 14 பேருக்கு மூன்று சர்வர் க்ளஸ்டர் தேவையா என்று யாரும் கேட்கவில்லையே. லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டே, இதை வைத்து விற்ற தன் க்ளஸ்டர் ஸ்டோரேஜுக்கு ஆதரவை 2024 கடைசியோடு முடித்துக்கொண்டது. நெட்வொர்க்கில் ஃபைல் வைக்கும் ஒரு நல்ல என்ஏஎஸ் பெட்டி, ஃபைல் பகிரும் சாம்பா மென்பொருள், அதில் எல்லா ஃபைலையும் ஒரே குரூப்பில் வைக்கும் ஃபோர்ஸ் குரூப் என்று ஒரே வரி. இந்த எண் தகராறே வராது. வேலூரில் நான் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

காட்பாடி ஜங்ஷன்
சாம்பா பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் ஒரே பெட்டி என்றால், பவர் சப்ளை எகிறி அது படுத்தால் டிசைன் பிரிவே உட்கார்ந்துவிடும். மூன்று பிரதி வைத்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும். பெட்டி மாற்றினாலும் லினக்ஸில் வழக்கமான ஃபைல் பகிர்வு முறையான என்எஃப்எஸ் வழியாக மவுண்ட் செய்தால் எண் தகராறு கூடவே வரும். நான் வேலை செய்த ஒரு கல்லூரி லேபில் ஒருவர் 19 குரூப்பில் இருந்தார். என்எஃப்எஸ் சாதாரணமாக 16 குரூப்தான் அனுப்பும். அவருக்கு வேண்டிய குரூப் அந்த 16-இல் இல்லை. நாங்களும் முதலில் 777-தான் போட்டோம், இரண்டு நாள் வீண். சர்வரே குரூப்பைத் தேடிக்கொள்ளும் மேனேஜ்-ஜிட்ஸ் அமைப்பைப் போட்ட பிறகுதான் தீர்ந்தது.

ராணிப்பேட்டை பாய்
இரண்டு மெஷினில் மட்டும் மாற்றினால் போதும் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. 14-லும் கை வைக்கச் சொல்கிறீர்கள் என்றுதான் பயந்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை காலை ஒரு ஃபைல் திறக்கவில்லை என்றால், அந்த ஒரு ஃபைலுக்கு நான் 777 போடத்தான் சொல்வேன். அதில் மாற்றமில்லை.

ஆம்பூர் பேட்டர்ன்
நேற்று இரவு எல்லோரும் போனபின் செய்தேன். இன்று காலையிலிருந்து 14 மெஷினிலும் திறக்கிறது, திருத்திச் சேமித்தாலும் குரூப் 1002 ஆகவே நிற்கிறது. பாய் சொன்னதற்கு அவசியம் வரவில்லை. சாம்பிள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவருக்கும் தனித்தனி யூஐடி (ஆள் எண்), 5001-இலிருந்து கொடுக்கலாம் என்றிருக்கிறேன். பழைய ஃபைல்களின் உரிமையாளரை எப்படிப் பிரிப்பது?

காட்பாடி ஜங்ஷன்
பிரிக்க முடியாது தம்பி. 1000 என்று நிற்பது எந்த மெஷின் ஆளுடையது என்று சர்வரில் எங்கும் எழுதியில்லை. குரூப் சரியாக இருக்கிறது, பழையதை அப்படியே விடுங்கள். யாராவது திருத்திச் சேமிக்கும்போது அது அவருடைய புது எண்ணுக்குத் தானாக மாறிவிடும்.