கருவிப்பெட்டியில் எல்லாமே ஒரே சாம்பல் சதுரம்: ஐகான்களைப் பிரித்தறிய என்ன வழி?

விரிகோடு
ஜிம்ப் 3.0 (படம் திருத்தும் மென்பொருள்), விண்டோஸ் 11, 14 அங்குலத் திரை, 1920×1080, விண்டோஸ் ஸ்கேலிங் 125%. அடர்நிறத் தீமில் ஸ்கேல், ஷியர், பெர்ஸ்பெக்டிவ், ஹேண்டில் டிரான்ஸ்ஃபார்ம் என்ற உருமாற்றக் கருவிகள் நான்கும் ஒரு சதுரம், ஓர் அம்புக்குறி என்றுதான் தெரிகின்றன. பழைய வண்ண ஐகான்களை எப்படிக் கொண்டுவருவது?

இன்னொன்று. இங்க்ஸ்கேப் என்ற வெக்டர் வரைகலை மென்பொருளுக்கு ஓர் ஐகான் தொகுப்பு வரைந்துகொண்டிருக்கிறேன். ஃப்ளாட் பாணியை (நிழல் இல்லாத தட்டை வடிவம்) விடாமலே இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க முடியுமா? வரைந்ததில் சில ஐகான்கள், சிம்பாலிக் முறையை (ஐகான்களைத் தீமின் ஒற்றை நிறத்தில் காட்டுவது) தேர்ந்ததும் முழுக் கட்டமாக அடைத்துக்கொள்கின்றன. அது ஏன்?

சாம்பல்60
ஜிம்ப்புக்கு மட்டும் சொல்கிறேன்.

எடிட் → ப்ரெஃபரென்சஸ் → இன்டர்ஃபேஸ் → ஐகான் தீம். அங்கே டீஃபால்ட், லெகசி என்று இரண்டு இருக்கும். டீஃபால்ட்டிலேயே வண்ண ஐகான்கள் உண்டு. சிம்பாலிக் ஐகான்களைப் பயன்படுத்தும் டிக் போட்டிருப்பதால்தான் அவை வெளியே வருவதில்லை. டிக்கை எடுத்துவிட்டால் போதும். லெகசி பக்கம் போகவேண்டாம். அவை பழைய பிக்சல் படங்கள், பெரிதாக்கினால் ஓரம் பிசிறும்.

ஆனால் உங்கள் கேஸில் நிறத்தைவிட அளவுதான் முதல் சிக்கல் என்று படுகிறது. ஜிம்ப் 3.0, ஜிடிகே 3 என்ற இடைமுக நூலகத்தில் ஓடுகிறது. ஜிடிகே 3 முழு எண் மடங்கில்தான் பெரிதாக்கும்: 100%, 200%. நீங்கள் 125% வைத்தாலும் ஐகான் 100% அளவிலேயே நிற்கும், சுற்றியுள்ள மற்ற மென்பொருள்கள் மட்டும் வளரும். அதே இன்டர்ஃபேஸ் பிரிவில், தீம் பக்கத்தில், தீம் தரும் ஐகான் அளவை மீறும் டிக் இருக்கிறது. அதைப் போட்டு ஸ்லைடரை ஒரு படி ஏற்றுங்கள். இடம் போதவில்லை என்றால் டூல்பாக்ஸ் பக்கத்தில் டூல் குரூப்ஸை (ஒத்த கருவிகளை ஒரே பொத்தானில் அடுக்குவது) விட்டுவையுங்கள். எல்லாக் கருவியும் ஒரே பார்வையில் வேண்டும் என்றால் மட்டும் அதை எடுக்கலாம்.

நீங்கள் சொன்ன நான்குக்கும் குறுக்குவிசை இருக்கிறது: ஷிஃப்ட்+எஸ் ஸ்கேல், ஷிஃப்ட்+ஹெச் ஷியர், ஷிஃப்ட்+பி பெர்ஸ்பெக்டிவ், ஷிஃப்ட்+எல் ஹேண்டில். பெயர் தெரிந்து ஐகான் தெரியாத கருவிக்கு, சாய்வுக்கோடு விசையை அழுத்திப் பெயரைத் தட்டினால் வந்துவிடும்.

கட்டக்காரன்
உங்க ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். முதல்ல அந்த அடைச்சுக்கிற கட்டம்.

சிம்பாலிக் ஐகானை ஏற்றும்போது ஜிடிகே 3 உங்க எஸ்விஜிக்கு (வெக்டர் படக் கோப்பு) மேல தன்னோட நிறத்தைக் கட்டாயமா போடும். செவ்வகம், வட்டம், பாத் (புள்ளிகளை இணைச்சு வரையற உருவம்) இதுக்கெல்லாம் ஃபில், அதாவது உள்ளே நிரப்புற நிறம் மாறும். ஃபில் இல்லைன்னு நீங்க வெச்சிருந்தாலும் அது கேக்காது, நிரப்பிடும். ஸ்ட்ரோக்கை, அதாவது ஓரக்கோட்டை, தொடவே தொடாது. அதனால வெறும் கோட்டால வரைஞ்ச சதுரம் உள்ளே முழுசா அடைபட்டுடும். 16×16 அளவைக் குறிக்க அடியில கண்ணுக்குத் தெரியாத செவ்வகம் வெச்சிருந்தா அதுவும் அடைபடும்.

சரிசெய்ய: எல்லாத்தையும் செலக்ட் பண்ணி பாத் → ஸ்ட்ரோக் டு பாத், அதாவது கன்ட்ரோல்+ஆல்ட்+சி. மிச்சமிருக்கிற உருவங்களைப் பாத்தா மாத்த கன்ட்ரோல்+ஷிஃப்ட்+சி. அடிச் செவ்வகத்தை அழிச்சிடுங்க. அளவை டாக்குமென்ட் பிராப்பர்ட்டீஸ்ல வெச்சா போதும். ஃபைல் பேரோட கடைசியில ‘-symbolic’ங்கிற ஒட்டு இருக்கணும், இல்லேன்னா ஜிடிகே அதை சிம்பாலிக்கா எடுத்துக்காது.

இப்ப வரையற விஷயம். ஃப்ளாட்டா இருக்கிறது குத்தமில்லை. நிழலையும் நிறத்தையும் எடுத்துட்டா வெளிவடிவம் மட்டும்தான் மிஞ்சும். டிரான்ஸ்ஃபார்ம் கருவி எல்லாத்துக்கும் அதே சதுரத்தைக் கொடுத்துட்டு அம்பை மட்டும் மாத்தினா, 16 பிக்சல்ல அம்போட தலை மூணு பிக்சல்தான் வரும். அதை யாரு பாக்கப் போறா?

சதுரத்தையே உருமாத்துங்க. 16 பிக்சல் கட்டத்துல ஓரம் 1 பிக்சல் விட்டா கையில 14 இருக்கு. பெர்ஸ்பெக்டிவ்வுக்கு அடி 14, தலை 8 வெச்ச சரிவகம். தலை 12ன்னா சதுரமாத்தான் தெரியும். ஷியருக்கு 4 பிக்சல் சாய்ஞ்ச இணைகரம். 2 பிக்சல் சாய்வு ஏதோ வரைஞ்சவன் கை நடுங்கின மாதிரி இருக்கும். ஸ்கேலுக்கு 6 பிக்சல் நிரப்பின சின்னச் சதுரம் மூலையில, அதைச் சுத்தி 14 பிக்சல் வெத்துச் சதுரம். ரொட்டேட்டுக்கு 45 டிகிரி திருப்பின சதுரம், மேல ஒரு வளைவு. அம்பே இல்லாம இந்த நாலும் வேற வேற.

சரிபார்க்க, எல்லா ஐகானையும் ஒரே கறுப்புல நிரப்பி 16 பிக்சல் பிஎன்ஜியா எக்ஸ்போர்ட் பண்ணி, வரிசையா அடுக்கி, 1 பிக்சல் காஸியன் பிளர் (படத்தை மங்கலாக்குற ஃபில்டர்) போடுங்க. எந்த ஜோடி ஒண்ணாத் தெரியுதோ அதைத் திரும்ப வரையணும்.

மங்கலுக்கு இன்னொரு காரணம் பிக்சல் கட்டம். 1 பிக்சல் கோட்டோட நடு 8-ல நின்னா ரெண்டு பிக்சல்ல பாதிப்பாதியா பரவி சாம்பலா போயிடும், 8.5-ல நிக்கணும். 2 பிக்சல் கோடுன்னா முழு எண்ல. 16-க்கு வரைஞ்சதை 24-ல காட்டினா 1 பிக்சல் ஒன்றரை ஆகும், எங்க வெச்சாலும் மங்கும். ரெண்டையும் தனித்தனியா வரையறதுதான் வேலை. சோம்பல் பட்டா பலன் உடனே தெரிஞ்சிடும்.

நிறமானி
வண்ணத்துக்குத் திரும்புவதே தீர்வு என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். ஆபீஸ் மென்பொருளில் ஐகான் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் நட்டமில்லை. படம் திருத்தும் மென்பொருளில் அப்படியில்லை. படத்தை ஒட்டி அடர் சிவப்பு ஐகான் வரிசை இருந்தால், பக்கத்து நிறத்தின் தாக்கத்தால் தோல்நிறத்தைக் கண் தப்பாக எடைபோடும். சாம்பல் இடைமுகம் வெறும் ஃபேஷனுக்காக வந்ததல்ல.

அதற்காக நிறத்தை ஒட்டுமொத்தமாகத் துடைத்தவர்கள் பின்வாங்கவும் நேர்ந்திருக்கிறது. 2012-ல் நிரல் எழுதும் மென்பொருளான விஷுவல் ஸ்டுடியோ 11-ன் பீட்டா ஐகான்களைச் சாம்பலாக்கியது. எதிர்ப்பு கிளம்ப, அடுத்த வெளியீட்டில் மைக்ரோசாஃப்ட் கொஞ்சம் நிறத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2019-ல் முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர் 2.80 ஒற்றை நிற ஐகான்களோடு வந்தது, ஆனால் அவுட்லைனரில் (காட்சியிலுள்ளவற்றின் பட்டியல்) ஆப்ஜெக்ட், மாடிஃபையர், ஷேடிங் என்று வகைக்கொரு நிறம் வைத்தது. அந்த நிறங்களைத் தீம் அமைப்பில் மாற்றிக்கொள்ளவும் முடியும். எனக்கு அதுதான் சரியான அளவாகப் படுகிறது: வடிவம் கருவியைச் சொல்லட்டும், நிறம் அதன் குடும்பத்தைச் சொன்னால் போதும். சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாதவருக்கு வடிவம் மட்டுமே துணை, அதை மறக்கக்கூடாது.

இங்க்ஸ்கேப்பில் இதற்கு வசதி இருக்கிறது. எஸ்விஜியில் ஒரு பாத்துக்கு சக்சஸ், வார்னிங், எரர் என்ற கிளாஸ்களில் ஒன்றைக் கொடுத்தால் அந்தத் துண்டு மட்டும் தனி நிறம் எடுக்கும். ப்ரெஃபரென்சஸ் → இன்டர்ஃபேஸ் → தீமிங் பக்கத்தில் அந்த மூன்று நிறங்களைப் பயனரே மாற்றலாம். ஐகானில் ஒரு சிறு மூலைக்கு மேல் அந்த நிறம் பரவாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விரிகோடு
அளவை ஏற்றியதிலேயே பாதி சரியாகிவிட்டது, நன்றி. கட்டம் அடைபடுவதும் ஸ்ட்ரோக் டு பாத் செய்ததும் நின்றுவிட்டது. ஐகானின் சாம்பல் எவ்வளவு வெளிர வேண்டும்? பின்னணி ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) மூன்றும் 60.

சாம்பல்60
டபிள்யூசிஏஜி 2.1 என்ற அணுகல்தன்மை வழிகாட்டியில் 1.4.11 என்ற விதி ஐகான் போன்றவற்றுக்குக் குறைந்தது 3:1 மாறுபாடு கேட்கிறது. பின்னணி 60 என்றால், ஐகான் 119 வைத்தால் 2.5:1 தான் வரும், தேறாது. 138-ல் 3.2:1, மயிரிழையில் தேறும். 190-ல் ஏறக்குறைய 5.9:1.

கணக்கில் தேறியதும் விட்டுவிடாதீர்கள். அந்த எண் நிறத்துக்குத்தான். 1 பிக்சல் கோடு கட்டத்தில் உட்காராமல் பரவினால் திரையில் 138 என்பது 99 ஆகத்தான் விழும், 2:1 கூடத் தேறாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து 800%-க்குப் பெரிதாக்கி, கலர் பிக்கரைக் கோட்டின் மேலேயே வைத்து அளவெடுங்கள். முடக்கப்பட்ட கருவிகளுக்கு இந்த விதி பொருந்தாது, அவை மங்கலாகவே இருக்கலாம். ஆனால் இயங்கும் ஐகானை 138-ல் வைத்துவிட்டால் முடங்கியதைக் காட்ட உங்களுக்குக் கீழே இடமே இருக்காது. 190 வைத்து, முடங்கியதை 110 பக்கம் இறக்குங்கள்.