ஐ5 கேட்கும் கேமுக்கு என் ஐ7 லேப்டாப் போதுமா?

கேள்வி:
எல்டன் ரிங் வாங்க நினைக்கிறேன். குறைந்தபட்சத் தேவை: இன்டெல் ஐ5-8400 அல்லது ரைசன் 3 3300எக்ஸ், 12 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 3 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. என் லேப்டாப்பில் இருப்பது ஐ7-7500யு, 16 ஜிபி ரேம், ஜீஃபோர்ஸ் 940எம்எக்ஸ். அவர்கள் கேட்பது ஐ5, என்னிடம் இருப்பது ஐ7. பிராசஸர் போதும்தானே?

பதில் 1:
போதாது. ஐ3, ஐ5, ஐ7 என்ற வரிசை ஒரே தலைமுறைக்குள், ஒரே வகைக்குள் மட்டும்தான் செல்லும். முழு மாடல் எண்ணையும் பாருங்கள். 8400 என்பதில் முதல் 8 எட்டாம் தலைமுறை. 7500யு ஏழாம் தலைமுறை. அதைவிட முக்கியம் கடைசி எழுத்து. ‘யு’ என்றால் பேட்டரியை மிச்சப்படுத்தச் செய்த, 15 வாட்டில் ஓடும் சிப். ஐ5-8400 டெஸ்க்டாப் சிப், 65 வாட்: 6 கோர் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), 6 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்), டர்போவில், அதாவது தேவைப்படும்போது வேகத்தைக் கூட்டி, 4.0 கிகாஹெர்ட்ஸ் வரை. உங்களுடையது 2 கோர், 4 த்ரெட், அதிகபட்சம் 3.5.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு (பிராசஸர்) என்பதைத் தட்டினால் மேலே முழுப் பெயரும், கீழே கோர், லாஜிக்கல் பிராசஸர் (அதாவது த்ரெட்) எண்ணிக்கையும் தெரியும். அங்கே காட்டும் பேஸ் ஸ்பீடை (டர்போ இல்லாத அடிப்படை வேகம்) மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள்: உங்களுடையது 2.7, 8400 வெறும் 2.8. கிட்டத்தட்ட சமம் என்று தோன்றும், ஆனால் நிஜத்தில் வெகு தூரம்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன்: கோர் எண்ணிக்கையையும் தனியாக நம்பக் கூடாது. அதே பட்டியலில் உள்ள 3300எக்ஸ்-க்கு 4 கோர், 8 த்ரெட்தான். பின்னால் வந்த ஐ3-12100-க்கும் 4 கோர்தான், ஆனாலும் கேம்களில் ஐ5-8400-ஐ முந்தும். காரணம், ஒவ்வொரு கோரும் ஒரு சுழற்சியில் முடிக்கும் வேலை அதிகம். அதனால் இரண்டு சிப்பின் சிங்கிள் த்ரெட் (ஒரு த்ரெட் மட்டும்), மல்டி த்ரெட் (எல்லா த்ரெட்டும் சேர்ந்து) வேகச் சோதனை மதிப்பெண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏஎம்டி லேப்டாப் வாங்குவோர் கவனிக்க: ரைசன் 5 7520யு என்பதில் முதல் 7-ஐப் பார்த்து ஏமாறாதீர்கள். மூன்றாவது இலக்கமான 2-தான் உள்ளே இருப்பது ஏஎம்டியின் பழைய கோர் வடிவமைப்பான ஜென் 2 என்று சொல்கிறது. 7540யு என்றால் ஜென் 4.

கேள்வி கேட்டவர்:
பிராசஸரை மட்டும் மாற்றலாமா?

பதில் 1:
முடியாது. 7500யு மதர்போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டது. மாற்றினாலும் கிராஃபிக்ஸ் இடிக்கும்: 1060 3 ஜிபியில் 1152 சியூடா கோர் (படத்தைக் கணக்கிடும் சின்னக் கோர்கள்), 940எம்எக்ஸில் பெரும்பாலும் 384தான். இந்த கேமுக்காக இந்த லேப்டாப்பில் பணம் போடாதீர்கள்.

பதில் 3:
ஓட்டிப் பார்த்தே முடிவெடுக்க நினைத்தால், ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். சார்ஜரைச் செருகியே ஓட்டுங்கள். ரெசொல்யூஷனை 720-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) ஏறினால் கிராஃபிக்ஸ் கார்டு திணறுகிறது; அசையவே இல்லையென்றால் பிராசஸர்தான். மொத்த சிபியு பயன்பாடு 30% என்று காட்டுவதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். 12 த்ரெட் உள்ள சிப்பில் ஒரே ஒரு த்ரெட் முழுக்கத் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது 8% அளவுதான். டாஸ்க் மேனேஜர் கிராஃபில் ரைட் கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசஸர்களைத் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றிவிட்டுப் பாருங்கள். கேம் ஓடும்போது ஸ்பீட் 2.7-க்கும் கீழே விழுந்துகொண்டே இருந்தால் சூடு ஏறுவது காரணமாக இருக்கலாம்.